டோக்கன் 113

ஓசூர் பஸ் மூன்று ஐம்பதுக்கே
மாட்டுத்தாவணியில் என்னை உதறிவிட்டது.
"நடை தெறக்க அஞ்சாகும்ணே" என்றார் ஆட்டோ ஜைலானி.
"அதுவரைக்கும் மீன் மார்க்கெட்டச் சுத்திப் பாருங்க.
டிக்கெட் கிடையாது."

நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடலை
இங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள்.
ராமேஸ்வரத்துச் சீலா, தூத்துக்குடி ஊளி,
கேரளா நம்பர் லாரியில் மத்தி.
ஊர்ப்பெயரோடு வந்தவை
ஒரே சகதியில் இறங்கின.
ஐஸ் கட்டியைக் கட்டையால் ஒருவன் அடிக்க
அடிக்கு ஒரு துண்டு டியூப்லைட் சிதறியது.

கூடை வரும் பாதையில் நிற்பவனுக்கு
ஊரும் இல்லை பேரும் இல்லை.
"வெள்ளச் சட்ட, ஒண்ணு வாங்கு
இல்ல வழிய விடு."

ஏலக்காரர் எண்களை மென்று துப்பிக்கொண்டிருந்தார்.
எழுநூறுக்கும் எழுநூத்தம்பதுக்கும் நடுவே
நான் மூக்கைச் சொறிந்தேன்.
ஒரு பெட்டிப் பாறை
மயிரிழையில் எனக்குச் சொந்தமாகாமல் போனது.

மல்லாந்து கிடந்த விளைமீனின் கண்ணை
குனிந்து, மிக அருகே வைத்துப் படமெடுத்தேன்.
கண்ணுக்குள் செல்போன் வெளிச்சம் தெரிந்தது,
அதற்குப் பின்னால் சிறியதாக நான்.

"செத்தத ஏய்யா எடுக்குற?
இங்கிட்டு வா, உசுரோட காட்டுறேன்"
அண்டாவுக்குப் பின்னாலிருந்து ஒச்சம்மா.

அண்டாத் தண்ணீர் கொதிப்பதுபோல அயிரை.
கையை விட்டால் சில்லென்றிருந்தது.
விரலிடுக்கெல்லாம் மீசை, வால், வழுக்கல்,
பிடி கொடுக்க மாட்டேன் என்கிற நூறு சின்ன முதுகு.
படிக் கணக்காம். கால் படி விலை கேட்டு
நான் வாயைத் திறந்து மூடியதைப் பார்த்து
"நீயும் அண்டாவுக்குள்ள கெடக்க வேண்டியவந்தான்"
என்று சிரித்தாள்.

"வீட்டுக்குப் போனதும் பால்ல விடு.
தின்ன மண்ணையெல்லாம் கக்கிப்புடும்."

வீடு எட்டு மணி நேரத்துக்கு அப்பால் இருப்பதை
அந்தச் சிரிப்புக்கு முன்னால்
சொல்ல வெட்கமாக இருந்தது.
வாங்கிவிட்டேன்.

கோயில் வாசலில்
செல்போனுக்கு ஒரு ஜன்னல், பைக்கு ஒரு ஜன்னல்.
"உசுரோட எதையும் வாங்கி வைக்கிறதில்ல சார்."
குளத்தில் விட்டுவிடவா என்று கேட்டேன்.
வரிசையில் பின்னால் நின்றவர் முந்திக்கொண்டார்:
"பொற்றாமரைல மீனே இருக்காதுங்க.
நாரை வாங்கிட்டுப் போன வரம்."

செருப்புப் பார்க்கும் பூமயில்
ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி
ஆணியில் மாட்டினாள், என் செருப்புக்கு நேர் மேலே.
ரெண்டுக்கும் சேர்த்து ஒரே டோக்கன்.

உள்ளே கை கூப்பினேன், கவுச்சி கிளம்பியது.
முன்னால் நின்ற அம்மாளின் முந்தானை மூக்குக்குப் போனது.
தீபம் ஏறி அந்த முகம் தெரிந்த நொடியில்
இமைக்காத கண்கள்.
விடியுமுன் ஒரு மீனின் கண்ணை
அவ்வளவு நெருங்கிப் பார்த்துவிட்டு வந்தவனுக்குக்
கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.
குங்குமத்துக்கு வலது கைதான் நீட்ட வேண்டும்.
அயிரை அளைந்த கை அதுதான்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது
வேறு கோபுரம்.
யாரைக் கேட்டாலும் "இப்படியே பிடிச்சுப் போங்க" என்றார்கள்,
ஆளுக்கொரு திசையைக் காட்டி.
வெயில் ஏறிய கல்லில் வெறுங்காலோடு
பாதி ஓட்டம் பாதி நடை.
பை ஒழுகியிருக்குமோ,
வெயில் ஆணிவரை வந்திருக்குமோ என்று.
செருப்பின் நினைவு ஒரு தடவையும் வரவில்லை.

டோக்கனை நீட்டுமுன்னே
பூமயில் பையை விரலால் சுண்டிக் காட்டினாள்.

"ரெண்டுதான் சோந்திருக்கு.
தண்ணி மாத்தி விட்டேன்.
பாலுதான் எங்கிட்ட இல்ல."