நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

வெள்ளவத்தை, கடல் பக்கம், நாலாம் மாடி.
பதினோராவது தடவையும் பில்ட் விழுந்தது.

கடைசி வரியை நம்பாதே என்பாள் ரிஸ்மினா,
அது அழுகை மட்டும்,
அடிபட்ட இடம் எங்கேயோ மேலே இருக்கும்.

மேலே போனேன்.
கம்பைலர் சரி. பதிப்பு எண் சரி.
கேஷை அழித்து
லைப்ரரி முழுவதையும் திரும்ப இறக்கினேன்,
டேட்டா தீரும் தறுவாய்.
கடைசி அளுத்கம ரயில் போனதில்
கோப்பைக்குள் ஆறிய தேத்தண்ணி நடுங்கியது.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில்
சத்தமில்லாமல் ஒரு எச்சரிக்கை:
அப்படியொரு கோப்புறை இல்லை.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்
ஆறு கேள்விக்குறிகள்.

'கணக்கு' என்று தமிழில் வைத்திருந்தேன்.
நாலே எழுத்து.
புள்ளியையும் உகரத்தையும் பிரித்தெடுத்துத்
தனித்தனியே விசாரித்திருக்கிறது.

அடையாள அட்டையில் ஒருவிதமாய்,
வாடகை ஒப்பந்தத்தில் இன்னொருவிதமாய்
என் பெயரை எழுதிய கிளார்க்மார்
வரிசையாய் வந்துபோனார்கள்.
ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை.

ஆங்கில எழுத்தில் மாற்றினேன்.
நாற்பது செக்கன்.
ஒரு முறைப்பாடும் இல்லை.

சரிவந்திட்டுதா என்று ரிஸ்மினா கேட்டிருந்தாள்.
ஓடுது
என்று மட்டும் அனுப்பினேன்.