இருபது தண்டு

தண்ணீர் வண்டி வந்து தெருவை நனைத்தது.
கதையில் மழை கிடையாது.
நியான் தரையிலும் எரியவேண்டும் என்றார் ஹிராகுரி.
நகாசு, ஐம்பத்தொன்பது, பிப்ரவரி.
நான் விளக்குத் தூக்குகிறவன், இரண்டாம் உதவி.
விரல்கள் செத்துப்போயிருந்தன.

பூக்காரியாக நடிக்க வந்தவளுக்குக் காய்ச்சல்.
மதுக்கடை மதுக்கடையாக ஏறி இறங்கி
ஃப்ரீசியா விற்றுக்கொண்டிருந்த ஒருத்தியை
பாலத்தடியிலிருந்து கூட்டிவந்தார்கள்.
பெயர் தோகியே.
பதினான்கு என்றாள்.
கம்பெனிக் கணக்கர் பதினாறு என்று எழுதிக்கொண்டார்.

அவள் கொண்டுபோகும் பூங்கொத்துக்குள் துப்பாக்கி.
கேபரேயின் பின்கதவில் கொடுப்பாள்.
உள்ளே ஒருவன் சாவான்.
அவளுக்கு ஒன்றும் தெரியாது.
கதை அவ்வளவுதான்.

"அவளிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது,
தெரியாத முகம் வேண்டும் எனக்கு.
அதை நடிக்க முடியாது."

ஈயம் வார்த்த பொம்மைத் துப்பாக்கி.
செய்தித்தாளில் சுற்றி
தண்டுகளுக்கு நடுவே நான்தான் செருகினேன்.

நடந்தாள்.
சூப் கொதிக்கும் தள்ளுவண்டிகளைத் தாண்டி,
குடிகாரன் ஒருவன் தோளில் இடிக்க
அவனிடமே குனிந்து மன்னிப்புக் கேட்டு,
ஈரத்தில் கலங்கிய சிவப்பு எழுத்துகளை
மிதிக்காமல் சுற்றிக்கொண்டு,
கதவைத் தட்டி, நீட்டி, சிரித்து.

ஒரே டேக்.
ஹிராகுரி தொப்பியைக் கழற்றினார்.
"பார்த்தீர்களா, வெள்ளைத்தாள்."

மூன்று முறை பெயர் மாற்றி
இன்னொரு படத்துக்கு வாலாகக் கட்டிவிட்டார்கள்.
ஆறு நாள் ஓடியது.
அந்தச் சிறுமியின் களங்கமின்மை என்று
ஒரே ஒரு பத்திரிகை எழுதியது,
அவள் பெயரைத் தப்பாகப் போட்டு.

கூலி கொடுக்கப் போனவன் நான்.
முந்நூறு யென்.
உறையைப் பிரித்து இரண்டு தடவை எண்ணினாள்.
பிறகு கொத்துக்குள் கைவிட்டு
செய்தித்தாள் பொட்டலத்தை உருவி
என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நாலு வருஷமா விக்கிறேன் அண்ணா.
இருபது தண்டு எவ்வளவு கனக்கும்னு
கைக்குத் தெரியாதா?"

அப்புறம் ஏன் அப்படிச் சிரித்தாய் என்று
கேட்டேனா, கேட்க நினைத்தேனா,
இப்போது நிச்சயமில்லை.
"இந்தத் தெருவில் அந்த முகத்துக்குத்தான்
கதவு திறக்கிறார்கள்" என்றாள்.
இதை மட்டும் நிச்சயமாகச் சொன்னாள்.

விளக்குச் சூட்டில் வதங்காத பூக்களைப் பொறுக்கி
புதிதாகக் கட்டினாள். பதினோரு தண்டு.
அதே பின்கதவுக்குப் போய்த் தட்டினாள்.
காமிரா பெட்டிக்குள் போய்விட்டிருந்தது.

உள்ளேயிருந்து யாரோ திறந்தார்கள்.

விளக்கைத் தூக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள்.
ஒரு கையில் ஈயம்.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன்.