அரக்கியின் தொண்டையில் சிக்கியது

நோட்டீஸில் நீ எழுதியது:
இசை, தியோடர். ஆட்டம், பூரணி.
கதை, இருவரும்.
அதற்குக் கீழே நான் பென்சிலில் சேர்த்தேன்:
சண்டை போட்டு.

அரவங்காட்டுச் சங்கு ஊதி
ஷிப்ட் முடிந்து நீ வந்த பிறகுதான்
நம் அரக்கிக்கு உயிர் வரும்.
சமையலறை மேசையை ஓரம் தள்ளி
கேஸ் சிலிண்டரை மலையென்று வைத்துக்கொண்டு
வெலிங்டன் ஏலத்தில் எடுத்த ஆர்மோனியத்தின்
துருத்தியை இழுப்பாய்.
ஈரம் ஏறிய மரம்
முதலில் இருமும். பிறகு பாடும்.

கதை இவ்வளவுதான்.
கேத்திப் பள்ளத்தின் அடியில் ஒரு பனி அரக்கி.
பசிக்கு அவள் தின்பது சத்தங்களை.
முதல் நாள் தவளைகள்.
மறுநாள் கேரட் கழுவும் மிஷினின் கடகட.
அடுத்து முட்டைக்கோஸ் லாரியின் ஹாரன்
(அன்றைக்கு ஊருக்குக் கொஞ்சம் சந்தோஷம் என்று
ஒரு வரி வைத்தேன். அடித்தாய். மறுபடி வைத்தேன்).
தொட்டில்களின் கிரீச்சையும் அவள் விழுங்கிய இரவு
ஒரு சிறுமி பள்ளத்தில் இறங்குகிறாள்.

அங்கேயே மூன்று வாரம் நின்றோம்.

"அரக்கி சாகணும்.
ஏழாம் எண்ணிக்கையில் வெட்டு, சமத்தில் சாய்வு.
பிள்ளைகள் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டாமா?"

"சிறுமியும் நான், அரக்கியும் நான்.
வெட்டுகிற கையும் என்னுடையது,
விழுகிற முதுகும் என்னுடையது.
உனக்கென்ன, உட்கார்ந்திருக்கிறாய்."

அன்றைய ரசத்தில் உப்பில்லை.
இருவருமே சொல்லவில்லை.

பாலிஹவுஸ் பச்சை வலையில் தைத்த
அரக்கியின் போர்வை கொடியில் காய்ந்தது.
விடிகாலை ஒரு காட்டெருமை
அதைக் கொம்பில் மாட்டிக்கொண்டு
பீன்ஸ் பாத்திகளின் ஊடே
அவசரமே இல்லாமல் நடந்துபோனது.
சன்னலில் என் தோளைப் பிடித்தபடி
"விளம்ப காலம்" என்று கிசுகிசுத்தாய்.
அந்த நடையைத்தான் அரக்கிக்கு எடுத்துக்கொண்டேன்.
போர்வையில் பாதிதான் திரும்பக் கிடைத்தது.

சனிக்கிழமை, சமுதாயக் கூடம்.
ஷட்டில் வலையைக் கழற்ற ஆள் வராததால்
அதுவே ஊரின் எல்லை என்று அறிவித்தாய்.
உடைந்த கண்ணாடி வழியே
சம்பளம் கேட்காமல் பனி உள்ளே வந்து
தன் இடத்தில் நின்றது.
நாற்பது பேர் இருக்கலாம். பாதி ஸ்வெட்டர்கள்.

ஏழாம் எண்ணிக்கை.
என் கை உயர்ந்துவிட்டது.
உன் நடு மத்திமம் அமுங்கியது,
மேலே வரவில்லை.

ம.
நீ கட்டையைத் தட்டினாய். ம.
நகத்தால் நெம்பினாய். ம.
சமம் வந்தது, போனது.
வாயைத் திறந்தபடி நின்றேன்,
அரக்கியாகவா சிறுமியாகவா, தெரியவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"அவளால அதை முழுங்க முடியலை!"
"தண்ணி குடுங்க" என்றது இன்னொன்று.
கைகளை ஸ்வெட்டருக்குள் ஒளித்திருந்த ஒருத்தி
நிஜமாகவே எழுந்து வந்தாள்,
மூடி கழற்றிய நீலப் பாட்டிலோடு.
என்ன செய்வேன்? குடித்தேன்.
நாம் எழுதிய பக்கங்கள் எதிலும் தண்ணீர் இல்லை.

பிறகு நீ கட்டைகளை விட்டுவிட்டாய்.
துருத்தியை மட்டும் இழுத்தபடி
மேடையில் ஒருபோதும் பேசாத நீ
பேசத் தொடங்கினாய்:
"ஒரு ஊர்ல ஒரு அரக்கி இருந்தா..."
ம, என்றது ஆர்மோனியம்.
"அவளுக்கு யாருமே கதை சொன்னதில்லை."
ம.
அடுத்த வரிக்கு நாற்பது பேரும் உம் கொட்டினார்கள்.
நான் உட்கார்ந்துவிட்டேன்,
அந்தப் பெரிய, பாதிப் போர்வை உடம்போடு,
முழங்காலைக் கட்டிக்கொண்டு.
ஆட்டத்தில் அப்படியோர் அடைவு கிடையாது.

கதை எப்படி முடிந்தது என்று
எனக்கு நினைவில்லை.
உனக்கும் இல்லை என்கிறாய்.

திரும்பும்போது கேரட் லாரியின் பின்னால்
மூட்டைகளுக்கு நடுவே ஆர்மோனியம்,
அதன் மேல் உன் கை.
ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும்
தானாக ஒரு ம.
"செவ்வாய்க்கிழமை லீவு போட்டு
அந்தக் கட்டையைச் சரி பண்ணிடுறேன்" என்றாய்.
சரி என்றேன்.

திருப்புளி
என் சலங்கைப் பைக்குள் இருக்கிறது.