மூன்று வரிக்கு இடமுள்ள பலகை

மாவட்டத்திலிருந்து கடிதம்:
ஊரில் பிறந்த புகழாளர்கள்,
மூன்று வரி, வரிக்கு இருபத்தெட்டு எழுத்து,
மார்ச் முடிவதற்குள்.
இடைவெளியும் எழுத்தாகவே எண்ணப்படும்.

ஊராட்சி அலுவலகத்தில் நான் ஒருத்தி,
புகைகிற ஒரு கணப்பு, ஒரு முத்திரை.
வெர்பினாவில் இன்றைக்கு இருநூற்றுப் பதினான்கு பேர்.
ஸ்டுஜென்கா ஆற்றைச் சேர்த்தால் பதினைந்து.
சேர்க்கத்தான் வேண்டும்,
வரி கட்டாமல் எல்லார் நிலத்திலும் நடந்த ஆறு அது.

முதல் வரி எளிது என்று நினைத்தேன்.
பிஷப் சிப்ரியான் கவோர்னிக்.
இங்கே பிறந்தார், மூன்று வயதில் வண்டியேறினார்.
திரும்பி வந்தது ஒரே ஒருமுறை,
தபால்தலையாக.

இரண்டாவது ஆர்பாத் க்ரென்கோ.
ஒரு வண்டுக்கு அவர் பெயர்.
வண்டு போர்னியோவில்.
இங்கே அவர் பெயரில் இருப்பது
பதினொரு கோப்பை பிளம் சாராயம்,
கடைக் கணக்கில், இன்னும் அடிக்கப்படாமல்.

மூன்றாவதுக்குத்தான் ஆளாளுக்கு ஒரு பெயர்.
ஒரே பசுவை ஒரே சந்தையில்
இருமுறை விற்ற வெண்டெலீன் என்றார் கடைக்காரர்
(இரண்டாம் முறை வாங்கியவர் அவனுடைய மாமனார்).
ஒத்தீலியா என்றாள் செவிலி:
புருஷனை விட்டு இரண்டு குளிர்காலம்
பனிக்கட்டிமேல் நடந்து அக்கரை போனவள்,
இரண்டு வசந்தமும் பாலத்தின் வழியே திரும்பியவள்,
ஏன் என்று யாரிடமும் சொல்லாதவள்.

அப்போதுதான் வந்து நின்றார்
ஜாரெச்சியே ஊர்த்தலைவர் தெஸிதெர்,
கக்கத்தில் வரைபடம், காலணியில் எங்கள் ஊர்ச் சேறு.
ஜாரெச்சியே என்றால் ஆற்றுக்கு அப்பால்.
பிஷப் பிறந்த வீட்டின் அடித்தளம்
இப்போது அவர்கள் கரையில்.
ஆகவே பிஷப்பும் அவர்களுடையவர்.
ஆறு போவதே போக்கு, சரி.
தீர்ப்புச் சொல்ல அரசன்?
மாவட்டத்துக்குத் தொலைபேசினால்
மதிய உணவு என்கிறார்கள்.

பரணில் தேடினேன்.
முப்பத்தொன்பது நோட்டுப் புத்தகங்கள்,
எலி தின்றது போக.
ஹெர்மீனா ட்ர்னொவ்ஸ்கா, நீர்மட்டக் கணக்காளி.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்;
இவள் ஆற்றையே அளந்தவள்,
தினமும் காலை ஏழுக்கு,
கல்யாணத்தன்றும், கணவனைப் புதைத்த அன்றும்
(அன்றைக்கு: அறுபத்து மூன்று, தெளிவு, லேசான காற்று).

வெள்ளத்து விடியலின் பக்கத்தில்
பென்சில் எழுத்து சற்றே பெரிது:
"அளவுகோலைக் காணவில்லை.
ஆறு இப்போது ஒத்தீலியாவின் களஞ்சியத்துக்குப் பின்னால்.
நீர்மட்டம்: என் இடுப்பு."

நீரியல் அலுவலகம் பதில் கேட்டிருக்கிறது:
இடுப்பு என்பது எத்தனை சென்டிமீட்டர்?
அவள் பதிலின் நகல் அடுத்த தாளில்:
தொண்ணூற்றெட்டு. காலணியோடு.

தெஸிதெர் இருமுறை படித்தார்.
தொப்பியைக் கழற்றவில்லை, ஆனால் தொட்டார்.
ஓர் இரவில் இடம் மாறியது ஆறு,
பிஷப் அல்ல என்று ஒப்புக்கொண்டு
அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொண்டார்,
கோழி கட்ட.

கீழ் வரியில் அவள் பெயர், ஒரு கோடு, 98.
எழுதியவர் வயது என்று நினைத்து
நல்ல ஆயுசு என்றார்.
நான் திருத்தவில்லை.

சாலையோரம் ரயில்வே நிலமாம்.
பலகையை ஆற்றோரம் நட்டோம், முகம் ஆற்றைப் பார்த்து.
படிப்பவர்கள் தூண்டில்காரர் இருவர்,
ட்ரவுட் மீன்கள், வாத்து.

ஏப்ரலில் மலைப்பனி இளகியது.
ஏழு மணிக்குத் தொலைபேசி:
தானியங்கிக் கருவி பேசவில்லை,
தண்ணீர் எங்கே நிற்கிறது?
சன்னலைத் திறந்து பார்த்துச் சொன்னேன்:
ஹெர்மீனாவின் பெயர்வரை.
வண்டுக்காரருக்கு இன்னும் நான்கு விரல்.
பிஷப் நனையவில்லை.