புறங்காட்டுதல்

கால்வாய்ப் பாதையோரம் முந்நூறு கெஜம் சுவர்.
அதைத் தட்டிக் கேட்பது என் வேலை.
சுத்தியலால் கல்லுக்கு ஒரு தட்டு:
கணீரென்றால் நலம்,
பொத்தென்றால் உள்ளே பொந்து.
லங்காஸ்டர் நகராட்சியின் படிவத்தில்
பதினேழாவது கேள்வி, தாவரம் உண்டா?
உண்டென்றால் பக்கத்துக் கட்டத்தில்
அகற்றுக என்று எழுத வேண்டும்.
ஆறு வருடம். கை தானாகவே எழுதும்.

மே மாதம், மழை விட்டிருந்த ஒரு செவ்வாய்.
சாந்து உதிர்ந்த இடுக்கில்
நகத்தளவு இலைகள், ஐந்து முனை,
திருப்பினால் அடியில் கத்தரிப்பூ நிறம்.
பூ அதைவிடச் சிறிது.
ஊதா உதட்டில் இரண்டு மஞ்சள் மேடு,
ஏதோ சொல்ல வந்து மூடிக்கொண்ட வாய்.
மண் ஒரு கரண்டி கிடையாது அங்கே.
பழஞ்சுண்ணாம்பும் கல்லின் வியர்வையும்தான் சாப்பாடு.

"இது பேர் என்ன தெரியுமா?" என்றார் த்ரெல்ஃபால்,
சாந்து பூசுகிறவர், ஃபிளாஸ்க் மூடியில் தேநீரோடு.
"ஆயிரம் பெற்றவள்."
நான் சிரிக்கவில்லை.
எனக்கு அது பதினோராவது வாரம்.
வீட்டில் ஒருவருக்குத் தெரியும்,
அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது.
தேநீர் வாடைக்கு வயிறு புரட்ட
முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
பூ நிற்கும் காம்புகள் எல்லாம்
வெயிலுக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன,
தேனீ வந்து உதட்டை மிதித்துத் திறக்கட்டுமென்று.
பூ உதிர்ந்த காம்புகள்
திரும்பியிருந்தன.
அதே வெயிலுக்கு முதுகைக் காட்டி,
நீண்டு, வளைந்து,
எங்கே இருட்டு எங்கே இருட்டு என்று தடவி,
மிளகைவிடச் சிறிய காயைக்
கல்லிடுக்குக்குள் செருகிக்கொண்டிருந்தன.

கீழே விழுந்தால் தண்ணீர்.
காற்றோடு போனால் தார்.
விதைக்கு வேண்டியது இன்னொரு பிளவு;
அதை எவரிடமும் ஒப்படைக்காமல்
தானே கொண்டுபோய் வைக்கிறது செடி.
உருண்டுவிடாமலிருக்க
விதைக்குச் சொரசொரத்த தோல் வேறு.

நம் மொழியில் புறங்காட்டுவது இழிவு.
மார்பில் வாங்கிய புண்ணுக்குத்தான் பாட்டு.
இந்தக் காம்பை எவராவது கண்டிருந்தால்
அந்தச் சொல்லுக்கு
இன்னொரு பொருள் வந்திருக்குமோ என்னவோ.

அன்றிரவு தேடிப் படித்தேன்.
நிழல் பக்கத்துச் செல்கள் நீள்கின்றன,
அதனால் தண்டு ஒளிப்பக்கம் சாய்கிறது,
சரி, பள்ளியில் படித்ததுதான்.
கருப்பிடித்ததும் கணக்கு தலைகீழாகிறது.
பிடித்துவிட்டதென்று காம்புக்கு யார் சொல்கிறார்கள்?
அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.
பிறகு எலுமிச்சை மிட்டாய் ஒன்றை
வாயில் அடக்கிக்கொண்டு படுத்தேன்.

படிவத்தில் எழுதினேன்: உண்டு. அகற்றுக.
ஆமாம், எழுதினேன்.
சுவர் சரிந்தால் சைக்கிளில் போகும் பிள்ளைமேல் சரியும்.
சுவரை வைத்துத்தான் சித்திரம்,
செடியும் அப்படித்தான்.
ஜூலையில் த்ரெல்ஃபால் சுரண்டி எடுத்தார், எட்டு வாளி.
புதுச் சாந்து வெள்ளை வெளேரென்று
கட்டுப்பல் போல இருந்தது.
என் மேல்சட்டையின் கீழ்ப் பொத்தான்கள்
அதற்குள் போட முடியாமலாகியிருந்தன.
அவர் எதுவும் கேட்கவில்லை,
ஏணியை மட்டும் என்னைப் பிடிக்க விடவில்லை.

இந்த மே மாதம் விடுப்பில் இருக்கிறேன்.
தூளித்துணியில் ஐந்து மாதக்காரி, என் நெஞ்சோடு.
பாலத்தைத் தாண்டியதும் வெயில் அடிக்க
சிணுங்கி, நெளிந்து,
என் கோட்டின் உள்ளிருட்டுக்குள்
மூக்கைச் செருகிக்கொண்டாள்.

நீர் கசிய விட்டிருந்த துளை ஒன்றில்
மூன்று இலை.
சுத்தியல் இல்லை, விரல் முட்டியால் தட்டினேன்.
கணீரென்றும் இல்லை, பொத்தென்றும் இல்லை,
வெறும் கல், வெறும் விரல்.

என் இடத்தில் இப்போது ஹேசல் வருகிறாள்.
கண் கூர்மை; ஒன்றையும் விடமாட்டாள்.
வியாழக்கிழமை இந்தப் பகுதி.

இடுக்கு எத்தனை ஆழமென்று
அவளுக்கும் தெரியாது.