காலியாக விடக் கூடாத கட்டம்

மூன்றாவது முறையாக இந்தக் கதவைத் தள்ளுகிறேன்.
தானாக மூடாது. ஜூன் மாதக் குளிர்
என் பின்னாலேயே வந்து வரிசையில் நிற்கிறது.

முதல் முறை அடையாள அட்டை இல்லை என்றார்கள்.
அட்டை வர ஏழு மாதம்.
அதுவரை என் சம்பளம் பால்மாவு டப்பாவில் கிடந்தது.
அறையில் ஐந்து பேர். ஐவருக்கும் டப்பா தெரியும்,
ஒருவரும் தொட்டதில்லை.
அதுவும் வங்கிதான், கையெழுத்து கேட்காத வங்கி.
இரண்டாம் முறை
ஆப்பிள் கிடங்கு முதலாளி கொடுத்த கடிதத்தில்
முத்திரை மங்கல்.
திரும்பிப் போய் அவருக்கு மை வாங்கிக் கொடுத்தேன்,
என் காசில்.

இன்று எல்லாம் இருக்கிறது.
குரிகோ நகரத்தின் இந்தக் கிளையில்
என்னைவிட அதிகக் காகிதம் சுமந்து நிற்பவன் யாருமில்லை.

கண்ணாடிக்கு அப்பால் மாரிட்சா கயுக்கேயோ சாந்தோவால்.
சட்டையில் குத்திய பட்டையில் குடும்பப் பெயர் இரண்டு:
அப்பா வழியது இந்த மண்ணிலேயே முளைத்தது,
அம்மா வழியது என்றோ கப்பலேறி வந்தது.
சிலேயில் எல்லாருக்கும் இரண்டு.
எனக்கு ஒன்று. வில்னேர் தியூஜுஸ்த். அத்தோடு முடிந்தது.

"அம்மா வழிப் பெயர்?"
"ஹைத்தியில் அதை எழுதும் வழக்கமில்லை."
"கட்டம் காலியாக இருந்தால் கணினி நகராது."
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
கட்டத்தைச் சுற்றி, பல் பிடுங்கிய ஈறு மாதிரி, சிவப்பு.

அம்மாவை எங்கள் தெருவில்
மதாம் ஒலியூஸ் என்றுதான் கூப்பிட்டார்கள்.
ஒலியூஸ் என் அப்பா.
அதற்கு முன்னால் அவள் யாராக இருந்தாள்?
முப்பத்து நான்கு வயதில், ஒரு கவுன்ட்டர் முன்னால்,
இது எனக்குத் தோன்றியது.

கோனாயிவில் இருக்கும் தங்கையை அழைத்தேன்.
மிர்லாந்த் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
"செத்துப் பதினோரு வருஷமான அம்மாவுக்கு
வங்கியில என்ன வேலை?"
கையைத் துடைத்தாள். பெட்டியைத் திறந்தாள்.
ஞானஸ்நானச் சீட்டைத் தேடினாள்.
போன் முழுக்க இரைச்சல், கோழி, யாரோ சண்டை.
எனக்குப் பின்னால் ஓய்வூதியப் புத்தகத்தோடு ஒரு கிழவர்
இருமலால் கேள்வி கேட்டார்.
பிறகு வாயாலும்:
"உன் குடும்பத்தில இன்னும் எத்தனை பேரு வரணும், தம்பி?"

"சான்திலூஸ்!" தங்கை கத்தினாள்.
"கேக்குதா? சான்திலூஸ்!"
கிளை முழுக்கக் கேட்டது.

மாரிட்சா எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.
சிவப்பு.
"பாஸ்போர்ட்டில் இந்தப் பெயர் இல்லையே."
அழித்தாள். காலியாக விட்டாள். சிவப்பு.
மேலாளர் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு
ஒற்றை விரலால் ஒரு புள்ளி வைத்தாள்.

பச்சை.

ஆக, என் தாய் இந்த நாட்டில் ஒரு புள்ளி.
என் கணக்கில் இருப்பும் வட்டமாக ஒன்று: பூஜ்யம்.
இனி குரிகோவில் நானும் ஒரு புள்ளி என்று
சிரிக்கப் பார்த்தேன்.

"இன்னும் ஒன்று" என்றாள்.
ரகசியக் கேள்விக்குப் பதில் வேண்டுமாம்,
அட்டை தொலைந்தால் நான் நான்தான் என்று நம்புவதற்கு.
திரையில் கேள்வி:
உங்கள் தாய் பிறந்த குடும்பத்தின் பெயர்?
மாரிட்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், விதி அப்படி.
விரல் விறைத்திருந்தது. மெதுவாகத் தட்டினேன்.
என்னைத் தவிர இது யாருக்கும் தெரியக் கூடாதாம்.
பத்து நிமிடம் முன்பு வரை
எனக்கே தெரியாது.

டப்பாப் பணத்தை எண்ணி உள்ளே தள்ளினேன்.
நோட்டில் இன்னும் பால்மாவு வாசம்.
அவள் முகர்ந்தாளா, தும்மினாளா, தெரியவில்லை.
ரசீதை மடித்துக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டேன்.

"சான்திலூஸ்!"
கிழவர்தான்.
"கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

சாத்திவிட்டுப் போனேன்.