நிறுத்தங்கள்

வால்விஸ் பேயில் விடியலுக்கு முன்பே மூடுபனி வந்துவிடும்.
ஒரு பக்கம் பாலைவனம், ஒரு பக்கம் கடல்,
நடுவில் எங்கள் மீன் ஆலை
தன் விளக்குகளை மட்டும் நம்பிக்கொண்டு.

விண்டுஹூக்கிலிருந்து ஒருவர் வந்தார், இரண்டு நாள் பயிற்சி.
ஓபர்ஹோல்சர் என்று பெயர்.
சுவரில் படம் காட்டிச் சொன்னார்:
"தப்பு கண்ணில் பட்டால்
யார் வேண்டுமானாலும் சிவப்புப் பொத்தானை அழுத்தலாம்."
நாற்பது தலைகள் ஆடின.
தலையாட்டச் செலவில்லை.
முடிவில் ஆளுக்கொரு சான்றிதழ், ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம்.

பலகையில் தினமும் எழுதுவது நான்.
பெட்டிகள் இத்தனை, எடை இத்தனை,
நிறுத்தங்கள்: 0.
அந்தப் பூஜ்ஜியத்தை வட்டம் பிசகாமல் போடுவதில்
எனக்கொரு பெருமை இருந்தது.

பதினேழாம் நாள் கைனோ அழுத்தினாள்.
வேலைக்கு வந்து மூன்று வாரம்.
பெல்ட் ஒருமுறை குலுங்கி நின்றது,
கத்திகள் நின்றன.
இரைச்சல் அடங்கிய பிறகுதான் தெரிந்தது,
கூரையில் ஒரு குழாய் இத்தனை நாளும் சொட்டிக்கொண்டிருப்பது.

நீலக் கையுறையில் நடுவிரல் நுனியைக் காணோம் என்றாள்.
தேடினோம்.
பெல்ட்டின் அடியில், ஐஸ் தொட்டியில்,
வெட்டி அடுக்கிய துண்டுகளுக்கு இடையில்,
பதினான்கு நிமிடம்.
அவள் ஏப்ரன் மடிப்பில்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் திட்டவில்லை.
இதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன்,
நன்னடத்தைச் சான்றிதழை நீட்டுவது போல.
திட்டவே இல்லை.
கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான்.
நான் பார்ப்பதை
நாற்பது பேரும் பார்த்தார்கள்.

இரண்டு நாள் பயிற்சி
அந்த ஒரு பார்வையில் போயிற்று,
மணலில் ஊற்றிய தண்ணீராக.

ஆறு வாரம் பூஜ்ஜியம்.
ஏழாவது வாரம் ஸ்பெயினிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது.
மீனுக்குள் நகத்தளவு ரப்பர்,
எங்கள் பெல்ட்டின் ஓரத்து ரப்பர்.
பெல்ட் கிழிந்ததை யாரும் பார்க்கவில்லையா?
தாங்கேனி பார்த்திருந்தார். பதினொரு வருடம் இதே வரிசையில் நிற்பவர்.
கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:
"அன்றைக்கு வேகம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, லாஹ்யா."
குரலில் குற்றச்சாட்டு இல்லை.
அதுதான் சுட்டது.

இன்னொரு பயிற்சி வைக்கலாமா என்றார் மேலாளர்.
யாருக்கு என்று கேட்டேன்.
அவருக்கு விளங்கவில்லை.
எனக்கே அப்போதுதான் விளங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ரப்பர் பூட்ஸ் மாட்டும் இடத்தில்
இரவெல்லாம் தயாரித்த பேச்சு தொண்டையோடு நின்றது.
"கைனோ, அன்றைக்கு நான் மணி பார்த்தேன்.
பார்த்திருக்கக் கூடாது."
இவ்வளவுதான் வந்தது.
யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தும்மினார்.
கைனோ தலைவலையைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கடிகாரத்தை லாக்கரில் வைத்தேன்.
மணி பார்க்கச் சுவரில் ஒன்று இருக்கிறது.
அதைப் பார்க்க முழுசாகத் திரும்ப வேண்டும்,
திரும்புவதற்குள் புத்தி வந்துவிடும்.

அப்புறமும் இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை.
பூஜ்ஜியம் பார்க்கத் திறந்த வாய் மாதிரிதான் இருக்கும்,
சத்தம் மட்டும் வராது.

பிறகொரு வியாழக்கிழமை தாங்கேனி அழுத்தினார்.
போய் நின்றேன்.
"பெல்ட் ஓரம் கிழிந்த மாதிரி தெரிந்தது," என்றார்.
டார்ச் வாங்கிக் குனிந்து பார்த்தேன்.
கிழிசல் இல்லை. ஒட்டிக்கொண்டிருந்த மீன்தோல்.
நிமிர்ந்தபோது எல்லோரும்
என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
அதில் என்ன இருந்ததென்று எனக்குத் தெரியாது.
"எடுத்தாச்சு. ஓட்டலாம்," என்றேன்.

மாலையில் பலகையில் 1 என்று எழுதினேன்.
கொஞ்சம் கோணலாக விழுந்தது.
அழிக்கவில்லை.